ஆர்ஜியா உடுத்திய கத்தரிப்பூ நிறம்

எங்க பார்மா ஊர் ஓபராவுல, பின்னாடி வரிசையா நின்னு பாடுற கோரஸ்ல, ஆர்ஜியா மாதிரி பயந்தாங்கொள்ளி யாரும் கிடையாது. மேடை ஏறுறதுக்கு முன்னாடி பையில இருக்கிற சாவியைத் தொடுவா. இரும்பைத் தொட்டா கண்ணு படாதாம். கத்தரிப்பூ நிறத்தைக் கண்டாலோ ஒரே ஓட்டம். அதுல மட்டும் அவளைக் கேலி பண்ண எங்களுக்கு வாயில்லை, எல்லாருக்குமே அந்தப் பயம் உண்டு. தவக்காலத்துல பாதிரியார் உடுத்துற நிறம் அது. அந்தக் காலத்துல தவக்காலம் வந்தா தியேட்டரை இழுத்து மூடிடுவாங்க, பாடுறவங்க வயிறு காயும். அதை மேடையில உடுத்துறதும் பட்டினியை விருந்துக்குக் கூப்பிடுறதும் ஒண்ணுதான்.

சின்ன வயசுல அவளுக்கு ஒரே ஒரு தடவை யோகம் அடிச்சது. ஒரு ஓபராவுல நாயகிக்குத் தொண்டை கட்டிப்போச்சு, "நீ பாடு"ன்னாங்க. கொடுத்த உடுப்பு அந்த நிறம். "செத்தாலும் போடமாட்டேன்"னு திரும்பி வந்து எங்க வரிசையிலேயே நின்னுட்டா. அன்னிக்குப் பாடினவ இப்போ மிலான்ல பெரிய ஆளு. அடேயப்பா, ஆர்ஜியா குரல்ல பாதி கூட அவளுக்குக் கிடையாது! ஆனாலும் இவ அதைப் பத்திப் புலம்பி நான் கேட்டதே இல்லை.

இந்த வருஷம் அதே ஓபராவை, கடைசியில நாயகி விஷம் குடிச்சு சாவாளே அதைத்தான், புது மாதிரி போடுறேன்னு ஒரு டைரக்டர் வந்தான். கடைசிக் காட்சியில கோரஸ் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாம்! நாயகி எங்க தெரு ரொட்டிக்கடைக்காரர் மக டெல்ஃபினா. அவளுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. நாங்க உடுத்தமாட்டோம்னோம். அவன் மாத்தமாட்டேன்னான். இப்படியே இழுத்தா ஓபராவே வேண்டாம்னு நிர்வாகம் சொல்லிடுச்சு.

டெல்ஃபினா மூலையில உட்கார்ந்து அழுதா. ஆர்ஜியா பக்கத்துல போனா.

"ஏண்டி அழுற?"

"விடுங்க அத்தை. என் தலையெழுத்து."

"தலையெழுத்தா? என்னுதை நானே எழுதிக்கிட்டேன், எனக்குத் தெரியாதா?"

விறுவிறுன்னு துணி அறைக்குள்ள போனா. வெளியே வந்தப்போ கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் அந்த நிறம். கையில அந்த இரும்புச் சாவி. எவரிஸ்தோன்னு எங்க கோரஸ்காரன் ஒருத்தன், "பாவி, எங்களையும் சேர்த்துக் கொல்லப் போறியா?"ன்னு கத்தினான்.

"உனக்கு வர்றதும் எனக்கே வரட்டும்டா. நான் முன்னாடி நிக்கிறேன். நீ என் பாவாடைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோ, வீரா!"

சிரிச்சே எல்லாரும் தோத்துட்டோம். ஒவ்வொருத்தரா போய் உடுத்திக்கிட்டோம்.

முதல் நாள் அந்த நிறத்தைப் பார்த்ததும் மேல்மாடியில மலிவு டிக்கெட்ல உட்கார்ற ரசிகருங்க விசிலடிச்சு விரட்டப் பார்த்தாங்க. எங்க ஊர்ல அவங்க வச்சதுதான் சட்டம். ஆர்ஜியா முன்வரிசையில அசையாம நின்னா. டெல்ஃபினா பாட ஆரம்பிச்சா, கூச்சல் அடங்கிச்சு. அவ சாவுற வரைக்கும் ஒரு இருமல் கூட கேக்கல. அப்புறம் பாருங்க, கைதட்டுல கூரையே போயிருக்கும்!

வெளியே கைதட்டு இன்னும் ஓயல, உடுப்பு மாத்துற அறையில நாங்க ரெண்டு பேர்தான். ஆர்ஜியா அந்தப் பாவாடையைக் கழட்டி மடியில போட்டுத் தடவிக்கிட்டே இருந்தா.

"பார்த்தியா, ஒண்ணுமே ஆகல!"ன்னு குதிச்சேன்.

"ஆமாண்டி ஈனெஸ், ஒண்ணுமே ஆகல"ன்னா. "அன்னிக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அவ மூக்கைச் சிந்திக்கிட்டு, டெல்ஃபினாவுக்குக் கை தட்ட ஓடினா.