ஐந்து இருபதா, ஐந்து தொண்ணூறா

ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் சாலையோரம் என் கணவர் பட்டை ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். லாரியின் அச்சுக்கு மேல் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்குமே, அவை உடைந்தால் மாற்றுவதும் தொய்ந்தால் காய்ச்சி வளைப்பதும் அவர் தொழில். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். அப்பா வாடகைக் கார் ஓட்டியவர் என்பதால் கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்துவிட்டேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் வேறொரு பெண் ஸ்டீயரிங் பிடித்து நான் பார்த்ததில்லை. காஞ்சிபுரம் போய் இரும்பு ஏற்றி வருவது, அக்கம்பக்கத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவது எல்லாம் நான்தான்.

ஒரு கோடையில் பெட்ரோல் பங்க் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மெட்ராஸ் மோட்டார் கிளப் ஒன்று, வற்றிக் கிடந்த எங்கள் ஏரியில் கார்ப் போட்டி நடத்தப்போகிறது. டிரம்களை நட்டு வளைவுகள் அமைப்பார்கள். ஒவ்வொரு காராகத் தனியே இரண்டு முறை ஓடவேண்டும்; இரண்டில் எது குறைந்த நேரமோ அதுவே கணக்கு. குறைந்த நேரத்தில் சுற்றி வருபவர் ஜெயித்தவர். சொந்தக் கார் இருந்தால் போதும், யாரும் கலந்துகொள்ளலாம்.

பெங்களூருக்கு லாரி ஓட்டும் என் கொழுந்தன்தான் அதை முதலில் படித்துவிட்டு வந்தார். "அண்ணி, நம்ம வண்டி சும்மாதான கீது. நீங்க ஓட்டுங்க" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். "ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது.

எங்களுடையது பழைய சின்னக் கார். அதற்கு உரிய டயர் ஐந்து இருபது சைஸ். கொழுந்தன் எங்கிருந்தோ ஐந்து தொண்ணூறு நான்கு கொண்டுவந்தார். அதே ரிம்மில் உட்காரும், ஆனால் பருமனும் உயரமும் அதிகம். மாட்டியதும் காரே ஒரு தினுசாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "இப்பதான் ரேஸ் வண்டி மாதிரி கீது" என்றார்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் மூவரும் ஏரிக்குப் போனோம். ஒர்க்‌ஷாப்பிலிருந்த காலி ஆயில் டிரம்களை நட்டோம். கொழுந்தன் கடிகாரம் பார்த்தார். முதல் வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது டயர் மட்கார்டில் உரசிக் கத்தியது. அதைவிட மோசம், வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி இழுக்கவில்லை. இரண்டாவது கியரில் எஞ்சின் மூச்சு வாங்கியது.

இறங்கி வந்து, "வண்டி சோம்பேறியாயிடுச்சுங்க" என்றேன்.

கணவர் சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு யோசித்தார். "சக்கரம் பெருசாயிடுச்சில்ல, ஒரு சுத்துக்குத் தூரம் ஜாஸ்தி போவுது, இழுவை கொறைஞ்சிடுது. நேர் ரோட்டுக்கு அது சரி. இங்க வளைஞ்சி வளைஞ்சில்ல போவணும்."

"அப்ப பழைய சைஸே போதும். ஆனா மண்ணுல பிடிப்பு வேணும்" என்றேன். கொழுந்தனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த வாரமே ஐந்து இருபதில், பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டி ஆழமான பட்டன் பட்டனாக ரீட்ரெட் செய்த டயர்களை அவரேதான் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தார். பார்க்க ஒல்லியாக, டிராக்டர் டயரின் குட்டி மாதிரி இருந்தன. மண்ணைக் கவ்வின. வண்டிக்கும் உயிர் வந்தது.

அடுத்த சண்டை பட்டையில் வந்தது. பின்பக்கம் தொய்ந்திருக்கிறது என்று என் கணவர் ஒரு பட்டை கூட்டிப் போட்டார். அவர் கைவேலையில் நான் குறை சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஏரி மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. ஒவ்வொரு பாளத்திலும் பின்சக்கரம் குதித்தது. கடைசி டிரம்மில் பின்பக்கம் வழுக்கி, வண்டி சுற்றிக்கொண்டு வந்த வழியையே பார்த்து நின்றது.

அவர் ஓடிவந்தார். "இன்னா ஆச்சு? ஏன் அவ்ளோ ஒடிச்ச?"

"நான் ஒடிக்கலைங்க. பின்சக்கரம் தரையிலயே இல்ல. நீங்க இது மேல நெல்லு மூட்டை ஏத்தப் போறீங்களா இன்னா?"

அவருக்குக் கோபம்தான். மறுநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனபோது பட்டைக்கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தார். கூட்டிய பட்டையை எடுத்துவிட்டதோடு பழசிலும் ஒன்றைக் கழற்றியிருந்தார். மீதியைக் காய்ச்சி, உயரம் குறையாதபடி கூடுதலாக வளைத்துக்கொண்டிருந்தார். "லாரிக்குப் பண்றாப்பலயே பண்ணிட்டேன். இது சுமை தூக்கறதில்ல, தரையை விடாமப் பிடிக்கணும். நீ சொன்னதுதான் சரி" என்றார், நிமிராமலே. சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அன்றைக்கு வேறு எங்கும் போகத் தோன்றவில்லை.

முன்பக்கத்துக்குப் புது ஷாக் அப்சார்பர் போட்டோம். பின்டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். பேராசைப்பட்டு இன்னும் இறக்கியபோது டயர் ரிம்மை விட்டு நழுவப் பார்த்தது. திரும்பக் கொஞ்சம் ஏற்றினோம். இப்போது வண்டி நான் நினைத்த இடத்தில் திரும்பியது.

போட்டியன்று ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். மெட்ராஸ் கார்கள் பளபளவென்று, அகலமான டயரோடு தரையை ஒட்டி நின்றன. பேர் எழுதிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "லேடீஸுக்குத் தனியா ஒரு பரிசு வெச்சிருக்கோம்மா. நீங்க ஒருத்தர்தான், உங்களுக்குத்தான் அது" என்றார்.

"சின்னக் கார் எல்லாத்தோடயும் எழுதுங்க சார். வண்டிக்கு ஆம்பள பொம்பள தெரியாது" என்றேன். எழுதிக்கொண்டார்.

முதல் ஓட்டத்தில் பதற்றத்தில் ஒரு டிரம்மைத் தட்டிவிட்டேன். அதற்கு நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு முன் கணவர் ஜன்னலில் குனிந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஓட்டத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பின்சக்கரம் மண்ணைப் பிடிப்பதை மட்டும் சீட்டின் வழியே உணர்ந்தேன். தாழ்வான கார்கள் அடிவயிற்றை உரசிக்கொண்டு தடுமாறிய மேட்டில் எங்கள் வண்டி ஏறி இறங்கிக் கடந்தது.

மைக்கில் சொன்னார்கள். சின்னக் கார்களில் நான் இரண்டாவது. ஒரு கோப்பையும் கையில் கொடுத்தார்கள். முதலில் வந்தவர் பல வருஷமாகப் போட்டிகளில் ஓட்டுபவர். அவரே எங்கள் வண்டி அருகே வந்து, வெள்ளைச் சட்டையோடு மண்ணில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"யார் செட் பண்ணது?"

என் கணவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "பட்டை நான் வளைச்சேன் சார். எப்டி வளைக்கணும்னு சொன்னது அவங்க" என்றார்.

வீட்டில் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அத்தனை பேர் நடுவில் 'அவங்க' என்றது, கையிலிருந்த கோப்பையைவிடக் கனமாக இருந்தது. கொழுந்தன் அதற்குள் கூட்டத்தில் நின்று, ஐந்து இருபது சைஸ்தான் சரி என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று கோடைகளில் ஓட்டினேன். ஒருமுறை அச்சு உடைந்து பாதியில் நின்றேன். ஒருமுறை முதலாவதாக வந்தேன்.