டெங்கில் மதகு திறந்த நாள்

காலை எட்டரைக்கு, நகரத்தில் நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினேன். புத்ராஜெயா வரை ரயில், அங்கிருந்து வாடகைக் கார். டெங்கில் தாண்டியதும் செம்பனை மரங்கள் தொடங்கின. ஒரு சிறிய பாலத்தின் முன் ஓட்டுநர் காரை நிறுத்தினார்.

"இதுக்கு மேல போகாது, பாஸ். பாலம் தாங்குமான்னு தெரியல."

அந்தப் பாலம்தான் பிரச்சினையின் தொடக்கம். அதற்கு அப்பால் நாற்பது வீடுகள், பழைய தோட்டக் குடியிருப்பு. மலத்தொட்டியைக் காலி செய்யும் லோரி பாலத்தைக் கடக்க முடியாது. தொட்டிகள் நிரம்பி, கழிவு நீர் கால்வாயில் ஓடி, கீழே மீன் வளர்க்கும் ஹம்சா என்பவரின் குளத்துக்குப் போனது. சென்ற ஆண்டு அவருடைய 'பாத்தின்' என்ற கெளுத்தி வகை மீன்கள் செத்து மிதந்தன. கால்வாய் நீர் குளத்துக்குள் வராமல் அவர் மதகை அடைத்தார். குடியிருப்புக்காரர்களுடன் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

என்னை அழைத்திருந்தவர் பரமேஸ்வரி. முன்பு என்னோடு மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். இப்போது கல்யாணங்களுக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறார். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கி, பொதுவான சுத்திகரிப்புக்கு எல்லோரையும் சேர்த்தது அவர்தான். வீடுகளின் கழிவு நீரெல்லாம் குழாய் வழியாக ஒரு பெரிய தொட்டிக்கு வரும். கசடு அடியில் தங்க, மேல் நீர் சரளைக்கல் படுகைக்குள் போகும். அதில் கோரையும் கல்வாழையும் நட்டிருந்தார்கள். கல்லும் வேரும் சுத்தம் செய்த நீர் மறுமுனையில் கால்வாயில் விழும்.

அன்று அந்த நீரைப் பார்க்க ஹம்சா வருவதாக இருந்தது. அவர் மலாய்க்காரர்; தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். வந்தார், யாரையும் பார்க்காமல் நேராகப் படுகைக்குப் போனார்.

நீர் கல்லுக்குள் இறங்காமல் மேலே தேங்கி நின்றது. கெட்ட வாடை வேறு.

பரமேஸ்வரி தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, கொழுப்பு மிதந்தது. குனிந்து பார்த்தார்.

"இது என் அடுப்பாங்கரை எண்ணெய்தான்," என்றார். "நாற்பது வீட்டு எண்ணெயும் இவ்வளவு வராது."

ஹம்சா கேட்டார், "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கிரீஸ் டிராப் கட்டணும் அண்ணே. என் வீட்டுப் பின்கட்டுலயே எண்ணெயப் பிரிச்சு எடுத்துடலாம். அது வரைக்கும் சமைக்க மாட்டேன்."

அங்கேயே நின்று போன் செய்தார். சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"ஒரு மாசம் பாக்கறேன்லா," என்று சொல்லிவிட்டு ஹம்சா போனார். மதகு திறக்கவில்லை.

அன்று மாலை வரை கொழுப்பை வாளியில் அள்ளினோம். கொழுப்பு அடைத்திருந்த சரளையை வாரியெடுத்துக் கழுவிப் போட்டோம். உடம்பிலிருந்து வாடை போக எனக்கு மூன்று முறை குளிக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். பரமேஸ்வரியின் பின்கட்டில் மூடி போட்ட சிறு கிரீஸ் டிராப் தொட்டி. சட்டிகளைத் தாளால் துடைத்த பிறகே கழுவினார். படுகையில் நீர் மேலே தெரியவில்லை. கல்வாழை சிவப்பாகப் பூத்திருந்தது. வெளியே விழுந்த நீரை ஹம்சா ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு குளத்தங்கரைக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

மதகுப் பலகையைப் பாதி உயர்த்தி நிறுத்தினார்.

"கொஞ்சம் மீன் விட்டுப் பாக்கறேன். பொழைச்சா பலகைய முழுசாத் தூக்கறேன்."

"சரிண்ணே," என்றார் பரமேஸ்வரி. திரும்பும்போது யாரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரவு பிரிக்பீல்ட்ஸில், பதினோராவது மாடி வீட்டில், மீன் பொரித்த சட்டியைக் குழாயடியில் வைத்துவிட்டு நின்றேன். இந்த நீர் எங்கே போகிறது? கீழே இறங்கிக் காவலாளியிடம் கேட்டேன்.

"தெரியலையே அங்கிள்," என்றார். "போயிடுது."