சாத்திய கதவுக்குள் எடுத்த சுளுக்கு

பீர்க்கன்கரணையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அக்கா, ஒரு மாலை எங்கள் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஐஸ் ட்ரேயை எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அக்கா இரட்டைப் பிள்ளை பெற்றவர். அப்படிப்பட்டவர் நீவிவிட்டால் எந்தச் சுளுக்கும் ஓடிப்போகும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. என் அம்மாவுக்கோ அது வேதவாக்கு.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை எடுத்துக் காட்டும் வேலை எனக்கு. பஸ் நிற்பதற்குள் இறங்கும் என் சாமர்த்தியத்தால் ஒருநாள் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைநார்தான் இழுபட்டிருக்கிறது என்றார் டாக்டர். நீவவே கூடாது; ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்க வேண்டும்; வீக்கம் வடிந்ததும் மெல்ல அசைத்துப் பழக வேண்டும் என்றார். ஆடித் தள்ளுபடிக்குள் வராவிட்டால் வேறு ஆள் போடுவதாகக் கடையில் சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அம்மா டாக்டர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அக்காவைக் கூட்டிவந்துவிட்டார்.

அம்மா எண்ணெய் காய்ச்சப் போன நேரத்தில் டாக்டர் சொன்னதை அக்காவிடம் முணுமுணுத்தேன். அக்கா தன் வீட்டுக்குப் போய்வந்தார். நீவும்போது யாரும் பார்க்கக் கூடாது என்று அம்மாவை வெளியே அனுப்பினார்.

"எனக்கு இன்னாடி தெரியும்? ரெட்டப் புள்ள பெத்தா கையில மந்திரமா கீது?" என்றபடி துணியில் ஐஸைச் சுற்றினார்.

"அம்மாகிட்ட சொல்லிடலாமேக்கா."

"நம்புமா? உன்ன வேற எவன்கிட்டயாவது இஸ்துகினு பூடும். நீ சத்தமாக் கத்து. வெளிய நின்னுகினு கீது."

கத்தினேன். அம்மா வெளியே சாமியைக் கூப்பிட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீக்கம் வடிந்த பிறகும் தினமும் வந்தார். ஒற்றைக்காலில் நின்று பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, துணைக்கு அக்காவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுவார்.

ஆடி முதல் நாள் கடை மூடும்வரை நின்றேன். கால் தாங்கியது. வீடு திரும்பியபோது அம்மா அக்காவின் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது அஸ்தினாபுரத்தில் எனக்கே ஒரு சிறிய ஜவுளிக்கடை. அம்மா கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் அக்காவின் கையைப் பற்றிச் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. அந்தக் கைதான் எங்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் எந்த வழக்கும் இல்லை.