குப்புறப் படுத்துக் கேட்ட கொலைக் கதை

எங்கள் அடுக்ககத்துக் குழந்தைகளைக் கோடை விடுமுறையில் படிக்கவைக்கும் பொறுப்பு இந்த வருடம் என் தலையில் விழுந்தது. எனக்கு இருந்த தகுதிகள் இரண்டு: புத்தகம் எழுதுகிறவன், பகலில் வீட்டில் இருக்கிறவன். அபிராமபுரத்தில் இரண்டாவதுதான் அரிது.

போட்டி ஒன்று அறிவித்தேன். ஒரு புத்தகத்தைப் படித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தந்தால் பரிசு. வந்த கட்டுரைகள் எல்லாமே பிரமாதம். எல்லாமே அம்மாக்கள் எழுதியவை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், 'இன்றைய தலைமுறை வாசிப்பதில்லை' என்று மனம் வருந்தியிருந்தான். போட்டியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டேன்.

அதே சமயத்தில் என் மனைவிக்கு விழித்திரையில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் சொல்லும்வரை குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். புத்தகம், டிவி, போன் எதையும் பார்க்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் முகத்தை நீட்டிக்கொண்டு தரையையே பார்த்திருப்பாள். வங்கிக் கிளையையே விரல் நுனியில் வைத்திருந்தவளுக்கு இப்போது கண்ணில் படுவது மொசைக்கும் என் கால் நகங்களும்தான். இரண்டையும் பற்றி அவளுக்குப் புகார்கள் இருந்தன.

அதைவிடப் பெரிய துயரம், லஸ் நடைபாதையில் வாங்கிய துப்பறியும் நாவல் ஒன்று பாதியில் நின்றது. பங்களா முதலாளியைக் கொன்றது யார் என்று தெரிந்தாக வேண்டும். நான் படித்துக் காட்டினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இந்த உவமை கொஞ்சம் இடிக்கறது."

"ஒருத்தர் செத்துக் கிடக்கார். உவமையைப் பத்தி அப்புறம் கவலைப்படலாம்."

மறுபடி நிறுத்தினேன். "வேண்டாம், வெச்சுடுங்க. நீங்க படிச்சா கொலைகாரனே அலுத்துப் போய் வந்து சரணடைஞ்சுடுவான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடிப் பெண் மோர்க்குழம்போடு வந்தாள். ஏழாவது முடித்தவள். மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்திருப்பதால், சின்ன வகுப்புகளில் படித்ததோடு தமிழ் நின்றுபோனது.

"யாரு, மூணாவது மாடியா? கொலுசு தெரியறது. தமிழ் படிப்பியாடி?"

"பஸ் போர்டு படிப்பேன் ஆன்ட்டி."

"அது போதும். உக்காரு."

அவள் எழுத்துக் கூட்டினாள். ஒரு பத்தியைக் கடப்பதற்குள் குழம்பு ஆறிவிட்டது.

"குழந்தே, அவன் கத்தியைத் தூக்கிண்டு எத்தனை நாழியா நிக்கறான். கை வலிக்காதா?"

"இருங்க ஆன்ட்டி. வார்த்தை பெருசா இருக்கு."

படிப்பது நல்லது என்று என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. அவளுக்குக் கதை வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பெண் சாப்பிட்ட கையோடு வந்துவிட்டாள். அதற்கடுத்த நாள் கட்டிலுக்கடியில் மல்லாந்து படுத்து, புத்தகத்தை நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டு படித்தாள். மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம், நடுவில் ஒரு பிணம்.

"டிரைவர்தான் ஆன்ட்டி. திருட்டு முழி."

"முழியை நீ எங்கடி பார்த்தே? டாக்டர்தான். ரொம்ப நல்லவனா இருக்கான்."

ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் புத்தகத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல வந்த நான், இவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கும்போது அந்தப் பெண் கோயம்புத்தூருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. விடியற்காலை ரயில். மிச்சத்தை நான் படிக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அங்கிள் வேணாம் ஆன்ட்டி. நடுவுல நடுவுல நின்னுடுவாரு."

என் மனைவி சற்று யோசித்தாள். கூடப் பிறந்த தங்கைக்கே புத்தகம் இரவல் தராதவள் அவள். "நீயே எடுத்துண்டு போ. ஆனா தனியா முடிச்சே, தொலைச்சுடுவேன்."

மறுநாள் காலை போன் வந்தது. "ஆன்ட்டி, அரக்கோணம் தாண்டியாச்சு. படிக்கட்டுமா?"

போனைத் தரையில், என் மனைவியின் முகத்துக்கு நேர் கீழே வைத்தேன். குரல் ஓடி வந்தது. பஸ் போர்டு படித்த குரல் அல்ல அது. எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமியபோது லைன் அறுந்தது.

"ஹலோ, ஹலோ" என்றாள் மனைவி. பிறகு என் கால்களைப் பார்த்து, "சிக்னல் போறது, நகருங்கோ" என்றாள்.

திரும்ப மணி அடித்தது. "ஆன்ட்டி, பக்கத்து சீட் மாமா முன்னாடி என்ன ஆச்சுன்னு கேக்கறாரு. சொல்லிட்டு வரேன்."

"அவர் யாருடி நடுவுல?"

ஆனால் தடுக்கவில்லை. தன் சொந்த வார்த்தைகளில், முதல் பக்கத்திலிருந்து முழுக் கதையையும் அந்தப் பெண் தமிழில் சொன்னாள். ஒரு சாட்சியையும் விடவில்லை. எழுதியவரைவிடச் சுருக்கமாகவும் சொன்னாள். தொழில்முறைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கடைசிப் பக்கம் வந்தது. கொன்றது டாக்டர்.

"சொன்னேனா இல்லையா?" என்றாள் மனைவி, மொசைக்கைப் பார்த்து வெற்றியோடு.

"நீங்க சொன்னதுதான் ஆன்ட்டி." ரயில் சத்தத்தை மீறிக் குரலை உயர்த்தினாள். "ஆனா டிரைவரைச் சந்தேகப்பட்டு போலீஸ் அந்த அடி அடிச்சாங்களே. கடைசீல யாருமே அவன்கிட்ட ஸாரி கேக்கலையே?"

என் மனைவி போனைக் கையால் இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"கேக்கலைதான்டி" என்றாள். "எனக்குத் தோணவே இல்லை பாரு."