பெங்களூருக்கு ஆள் அனுப்பும் பாப்பம்மா

வேகவைத்த கடலைக்காயை அளந்து போட்டுக்கொண்டே பாப்பம்மா பஸ்ஸின் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிருஷ்ணகிரிப் பக்கத்து பஸ் ஓசூரில் வந்து நின்று, துணி மூட்டையோடு யாராவது இறங்கினால் போதும். "எந்த ஊரு?" என்று குரல் கிளம்பிவிடும். பதில் வராவிட்டால் கன்னடத்தில், "யாவூரு?" அதற்கும் விழித்தால் தெலுங்கில் கேட்பாள். மூன்றுக்கும் தப்பியவர்கள் இல்லை.

பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, டெலிபோன் தொழிற்சாலை என்று கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. மண் சுமக்கவும் கல் உடைக்கவும் இந்தப் பக்கத்து ஜனங்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போய் இறங்கியதும் எந்தத் தெருவைத் தேடுவது? அதைச் சொல்வதைப் பாப்பம்மா தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். தேன்கனிக்கோட்டைக்காரர்கள் செங்கல் சூளைக்குப் பின்னால், தொரப்பள்ளிக்காரர்கள் ஏரிக்கரையில் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு மனத்தில் போட்டு வைத்திருக்கிறாள்.

"ஊரு ஜனத்தோட போய்ச் சேரணும். தனியா போனா பெங்களூரு மென்னு துப்பிடும்" என்பாள்.

பக்கத்து டீக்கடைக் கங்கப்பன் சிரிப்பான். "தபால்காரனுக்குக்கூட இம்புட்டுத் தெரியாதுக்கா."

"அவன் கடுதாசியத்தான்டா சேக்கறான். நான் ஆளையே சேக்கறேன்."

போன வெள்ளிக்கிழமை ராமப்பன் வந்தான். கூடவே மனைவி செல்லி, அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நாகரசம்பட்டி என்றதும் பாப்பம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கவலைய வுடு. சந்தைக்குப் பின்னால ஒரு தெரு முழுக்க உங்க ஊருதான். மணியக்காரர் வூட்டு முனிசாமி இருக்காரு. ஊரு பேரச் சொன்னா போதும், கஞ்சி ஊத்துவாங்க."

"ஊத்துவாங்கம்மா" என்றான் ராமப்பன். "கையில ஊத்துவாங்க."

கடலைக்காய்க்குள் இருந்த பாப்பம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

செல்லி மெதுவாகச் சொன்னாள். "அவங்க களத்து ஓரத்துல நின்னது போதும்னுதாம்மா கெளம்புனோம். அங்க போயும் அவங்க தெருக் கோடிதானா?"

"எங்கள யாருன்னே தெரியாத எடமா ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றான் ராமப்பன்.

அப்படி ஓர் இடம் பாப்பம்மாவிடம் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒவ்வொரு தெருவும் ஏதோ ஒரு ஊரின் தெருதான். கூடை முன்னால் வந்து நின்ற ஆளைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"என்னக்கா, தபால் திரும்பி வந்துடுச்சா?" என்றான் கங்கப்பன்.

"சும்மா இருடா."

பாப்பம்மா ராமப்பன் பக்கம் திரும்பினாள். "என் தம்பி சென்னப்பன் அங்க மேஸ்திரி. வூட்டோட ஒரு அறை சும்மா பூட்டிக் கெடக்கு. அக்கா அனுப்புச்சின்னு சொல்லு."

அந்த அறைக்கு அவள் இதுவரை யாரையும் அனுப்பியதில்லை.

ராமப்பன் தலையைச் சொறிந்தான். "நீங்க குடியானவங்க. உங்க தம்பி எங்கள உள்ள விடுவாருங்களா?"

விடுவான் என்று சொல்ல வாயைத் திறந்தாள் பாப்பம்மா. தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது.

பெங்களூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊதலை வாயில் வைத்தார். பாப்பம்மா கூடையின்மேல் ஈரச்சாக்கை இழுத்துப் போட்டாள். "டேய் கங்கப்பா, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஏறினாள்.

உள்ளே ஒரு சீட்டு காலியாக இருந்தது. பாப்பம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். செல்லி குழந்தையோடு சீட்டுக்குக் கீழே தரையில் குந்தப் போனாள். பாப்பம்மா தன் பக்கத்துப் பலகையை உள்ளங்கையால் தட்டினாள். செல்லி புருஷனைப் பார்த்தாள், பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

அவள் வந்து உட்காரும்வரை பாப்பம்மா தட்டிக்கொண்டே இருந்தாள்.