பாதியில் திரும்பிய சொல்

பறந்து வந்த செருப்பைக் குனிந்து எடுத்து, எறிந்தவன் காலடியிலேயே கொண்டுபோய் வைத்தார் டீச்சர். "போட்டுக்கோ ராசா. ஒத்தைச் செருப்போட வகுத்தல் கணக்கு வராது." வகுப்பு சிரித்தது. எறிந்தவன் முகம் சுண்டிப்போனது.

மற்ற பள்ளிக்கூடங்கள் 'நம்மால் ஆகாது' என்று கைகழுவிய பிள்ளைகளுக்காக, பழைய கிடங்கு ஒன்றில் நடக்கிற பள்ளி அது. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. ஆசிரியர் வாயில் வரக்கூடாத சொல்லும் ஒன்று உண்டு: 'வெளியே போ.' அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு பிள்ளையும் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பட்டம் வாங்காமலே நூறு பேரைக் கட்டி மேய்த்தவனுக்கு இந்த விதியின் அருமை ஒரே பார்வையில் விளங்கும். படித்தவர்களுக்குத்தான் கூட்டம் போட்டு விளக்க வேண்டியிருக்கிறது.

விதியைப் போட்டது தலைமையாசிரியர். தினமும் அந்தச் சொல்லை மென்று விழுங்குவது டீச்சர். யாரையும் விடாமல் ஒட்டிக்கொள்வதால் பிள்ளைகள் வைத்த பெயர் 'பிசின்'. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மதியத்துக்குள் அது பளிங்காகிவிடும். வீட்டில் கதையே வேறு. "அங்க அவ்வளவையும் பொறுத்துக்கிட்டு வர்றா. எல்லாம் எந்தலையிலதான் விடியுது. நேத்து ஒரு ஸ்பூனைக் கீழ போட்டேன், திட்டு இன்னும் நிக்கல!" என்று அலுத்துக்கொள்கிறார் கணவர்.

அன்று உச்சி வேளை. 'தீக்குச்சி' என்று பெயரெடுத்த ஒல்லிப் பெண், பக்கத்தில் இருந்தவளின் விடைத்தாளில் தண்ணீரைக் கொட்டினாள். இன்னொரு முறை பள்ளி நேரத்தில் கேட்டைத் தாண்டினால் பெயரை அடித்துவிடுவதாக நிர்வாகம் அவளை எச்சரித்திருந்தது. அப்புறம் அவளைச் சேர்க்க வேறு பள்ளி கிடையாது. சித்தியின் தையல் கடையில் பட்டன் தைக்க வேண்டியதுதான். தானாகப் போனால் தப்பு அவளுடையது. டீச்சர் துரத்தினால் பழி டீச்சர் தலையில். துரத்தப்பட்டே பழகியவள் அதற்குத்தான் வழி தேடினாள்.

"சொல்லுங்க டீச்சர். தொண்டை வரைக்கும் வந்துடுச்சில்ல? சொல்லிட்டா போயிட்டே இருப்பேன்."

"உக்காருடி."

"மாட்டேன்." மீதித் தண்ணீர் டீச்சரின் மேசையில் கவிழ்ந்தது.

கண்ணாடியைக் கழற்றக்கூட டீச்சருக்குப் பொறுமை இல்லை. கை வாசலைக் காட்டி நீண்டேவிட்டது.

"வெளி..."

தீக்குச்சி பையைத் தோளில் மாட்டினாள்.

"வெளி... வெளிச்சம் பத்தல! அந்த மேல் ஜன்னலைத் தொறடி!"

அறை முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. "டீச்சர், இங்க கண்ணு கூசுது!" என்று கடைசி பெஞ்சு கத்த, சிரிப்பு வெடித்தது. தீக்குச்சியின் உதடும் கோணியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இது போங்கு டீச்சர்."

"போங்குதான். ஏறித் தொற."

பையைக் கடாசிவிட்டு ஸ்டூல்மேல் ஏறினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் அசையவில்லை. அவள் ஓங்கி ஓங்கிக் குத்த, ஸ்டூல் தடதடவென்று ஆடியது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, ஈரத் தரையில் முட்டி போட்டு, அதன் கால்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.