சுபநேரத்தில் விழுந்த கையொப்பம்

சிவப்புச் சவர்க்காரத்தின் வாசம் லிஃப்டுக்குள் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனுசி லிஃப்டுக்குள் தனியாகச் சிரித்தால் வெள்ளவத்தையில் அதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது. மற்றது, கவிதை எழுதுகிறாள். இரண்டும் ஒரே வருத்தம்தான் என்பது மூன்றாம் மாடி ரீச்சரின் கருத்து.

அந்த வாசத்தை எங்கள் தொடர்மாடிக்குக் கொண்டுவந்தவ சமையல்கார அக்கா. காலை எட்டரைக்கு, ரயில் ஒன்று எங்கள் யன்னல் கம்பிகளை உலுக்கிவிட்டுப் போன கையோடு, ஈரம் காயாத கொண்டையோடு வந்து சேருவா. மூன்று வீடுகளுக்குச் சமையல்: ரீச்சர் வீடு, நாலாம் மாடியில் என் வீடு, அதற்கு மேலே பல் டொக்டர் வீடு. ரீச்சர் ஓய்வு பெற்றாலும் பரிசோதனையை விடவில்லை. குளிக்காத ஆள் குசினிக்குள் கால் வைக்க ஏலாது என்பது அவவின் சட்டம். வாசலில் நின்று, துறைமுகத்தில் சுங்கக்காரர் கொள்கலனைப் பார்ப்பதுபோல அக்காவின் கொண்டையைப் பார்ப்பா. ஈரம் தெரிந்தால்தான் கதவு முழுசாகத் திறக்கும். அக்காவுக்கு முன்னம் வந்த இரண்டு பேர் அந்தக் கதவோடே திரும்பிப் போனவர்கள்.

வீடு எங்கே என்று கேட்டால் "கொட்டாஞ்சேனை" என்பா.

"எங்கட வீட்டில இருபத்திரண்டு பொம்பிளையள் மிஸ். விடிய எழும்பினா தண்ணிக்குச் சண்டை. ஒருத்தி உள்ளுக்குப் போனா மற்றவ கதவில தாளம் போடுவா. நான் கெட்டிக்காரி, எல்லாருக்கும் முன்னம் குளிச்சிடுவன்."

நான் அதை நம்பினேன். நம்பியது மட்டுமா, எழுதியும் விட்டேன். பெரியம்மாக்களும் சின்னம்மாக்களும் மச்சாள்மாருமாக ஒரு பழைய பெரிய வீடு. முற்றத்தில் காயும் இருபத்திரண்டு கூந்தல்கள். துறைமுகத்துக் கப்பல் ஊதும்போது எல்லாத் தலைகளும் ஒருசேரத் திரும்புகின்றன. ஒரு சிறுபத்திரிகை அதை நடுப்பக்கத்தில் போட்டது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "வடிவா இருக்கு மிஸ். ஆனா இவ்வளவு தலைமயிரும் தண்ணி போற குழாய்வாயை அடைக்கும், அதை எழுதேல்லையே" என்றா.

நான் பிழைப்புக்குச் செய்வது மொழிபெயர்ப்பு. ஒரு சபையின் கூட்டங்களில் மூலையில் இருந்து, குறிப்புகளையும் கடிதங்களையும் சிங்களத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். எந்தச் சபை என்று எழுதினால் எனக்கு அடுத்த வேலை வராது. அந்த மாதக் கூட்டத்தில் இரண்டு விஷயங்கள். முதலாவது, நலன்புரிக் குழுவுக்குப் புதுத் தலைவர். இரண்டாவது, கொட்டாஞ்சேனையில் சபை நடத்தும் பெண்கள் இராத்தங்கும் விடுதி. வீடில்லாத பெண்கள் பின்னேரம் ஆறு மணிக்கு உள்ளே போய், காலையில் குளித்து வெளியே வரும் இடம்.

தலைவர் தெரிவுக்கு மூன்று மணித்தியாலம் போனது. இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேருக்கும் சரிசமமான வாக்கு. அப்படியென்றால் சீட்டுக் குலுக்க வேண்டும். குலுக்குவதற்கு ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருந்தது. இரண்டு பெயரையும் உள்ளே போட்டு மூடிக் குலுக்கினார்கள். பிறகு மூடி திறக்கவில்லை, கடற்காற்றுத் துரு. செயலாளர் கரண்டியால் நெம்பினார். ஒரு உறுப்பினர் தன் கார்த் திறப்பால் நெம்பினார். எதிரும் புதிருமாகக் கத்திக்கொண்டிருந்த கட்சிகள் எல்லாம் ஒற்றுமையாக அந்தத் தகரத்தைச் சூழ்ந்து நின்றதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன். கடைசியில் திறந்தது. வென்றவர் அந்த நேரம் அடுத்த அறையில். மீன் கட்லட்டும் கையுமாகக் கூட்டி வந்தார்கள்.

விடுதிக்கு நாலு நிமிஷம். தொடர்ந்து நடத்தவா, மாத முடிவில் மூடி அந்த வளவை வாகனத் தரிப்பிடம் ஆக்கவா? இரண்டுக்கும் கடிதம் தயாரிப்பது, புதுத் தலைவர் கடமை ஏற்றபின் ஒன்றில் கையொப்பம் வைப்பது என்று தீர்மானம். எது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. "கார் நிற்பாட்ட இடமில்லாத ஊரும் ஒரு ஊரா?" என்று கட்லட்டை ஆட்டி ஆட்டிக் கேட்டவர் அவர்தான்.

ஒப்புக்கு ஒரு பின்னேரம் புதுத் தலைவர் விடுதியைப் பார்க்கப் போனார். தமிழ் கதைக்கும் பெண்களுக்காக நானும் போனேன். நீளமான அறை, வரிசையாகக் கட்டில்கள், பின்வளவில் ஒரு தொட்டி, ஆறு குழாய். மூலைக் கட்டிலில் இருந்து தலை வாரிக்கொண்டிருந்தா அக்கா.

கட்டில்களை எண்ணினேன். இருபத்திரண்டு.

பெரியம்மாக்கள் போனார்கள், மச்சாள்மார் போனார்கள், நடுப்பக்கக் கவிதையும் அவர்களோடு போனது. அக்கா என்னைப் பார்த்தா. பார்த்துவிட்டு, எங்கோ கண்ட முகம் என்பதுபோலக்கூட இல்லாமல், மறுபடி சீப்பைப் பார்த்தா. தலைவர் முற்றத்தைக் காலடியால் அளந்தார். "பன்னிரண்டு கார்" என்று சிங்களத்தில் சொன்னார். அதை நான் தமிழாக்கவில்லை.

அடுத்த நாள் காலை வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா தொடங்கினா.

"நேற்று உங்களைப் போல ஒராளைக் கண்டனான் மிஸ்."

"அப்படியா அக்கா? நானும் உங்களைப் போல ஒராளை."

"உலகத்தில ஒரே மாதிரி ஏழு பேர் இருக்கினமாம்."

"ஓம். ஏழு பேரும் கொட்டாஞ்சேனையிலதான் போல."

வெங்காயம் நல்ல காரம். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினோம்.

"அங்க இருக்கிற மனுசி ஒண்டு சொன்னவ," என்றா அக்கா, "இடம் போனாலும் எங்கயாவது கடை வாசல்ல படுக்கலாமாம். படுக்கிறது பெரிய காரியமில்லை. குளிக்கத்தான் இடமில்லை. குளிக்காட்டி வேலையில்லை. வேலையில்லாட்டிப் பிறகு கடை வாசல்தான், பகல்லயும்."

"அந்த மனுசி என்ட வீட்டில வந்து இருக்கலாமே."

"உங்கட வீட்டில புத்தகத்துக்கே கட்டில் இல்லை." கத்தியை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தா. "அந்த மனுசிக்கு ஒருத்தற்ற தயவில குளிக்க விருப்பமில்லை மிஸ். சபைக் குழாய் எண்டா அது எல்லாற்ற குழாய்."

அந்தக் கிழமை இரண்டு கடிதங்களையும் தமிழாக்கினேன். மூடும் கடிதத்தை வேண்டுமென்றே மோசமாக மொழிபெயர்த்தால் என்ன என்று யோசித்தேன். அது ஏற்கெனவே அவ்வளவு மோசமாக இருந்தது, என்னால் கெடுக்க முடியவில்லை.

தலைவர் கடமை ஏற்கும் நாள். சுபநேரம் காலை ஒன்பது நாற்பத்தேழு. எங்கள் நாட்டில் பதவி ஏற்பவர் சுபநேரத்தில் கதிரையில் இருந்து ஒரு தாளில் கையொப்பம் வைக்க வேண்டும். அந்த முதல் கையொப்பம் எப்படியோ, அவருடைய பதவிக்காலமும் அப்படி. ஆகவே அது மங்கலமான தாளாக இருக்க வேண்டும். மூடுவது, தண்டிப்பது, விலக்குவது ஒன்றும் ஆகாது. மரநடுகைக் கடிதம் தயாராக இருந்தது. சபையில் முப்பது வருஷம் பியோனாக இருந்த, எல்லாரும் சிங்களத்தில் 'அய்யே', அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மனிதர், மரநடுகையை வலப்பக்கத் தட்டிலும் மற்றவற்றை இடப்பக்கத் தட்டிலும் வைத்தார். இடப்பக்கத்தில் மேலே இருந்தது விடுதியைத் தொடர்ந்து நடத்தும் கடிதம். மூன்று மொழித் தாள்களையும் பின் அடித்து, தமிழ்த் தாளை மேலே வைத்தது நான். அது என்னுடைய சின்ன அரசியல். தலைவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

ஒன்பதரைக்குத் தலைவரின் மனைவி வந்தா, கையில் வெற்றிலை, கைப்பையில் சோதிடர் எழுதிய துண்டு. துண்டை விரித்ததும் முகம் மாறியது. அவர் கிழக்கே பார்த்து இருக்க வேண்டும். கதிரையோ மேற்கே பார்த்து இருந்தது. மேசையைத் திருப்பப் பார்த்தார்கள். தேக்கு மேசை. நாலு பேர் தள்ளினார்கள், ஆறு பேர் தள்ளினார்கள், குத்துவிளக்குத்தான் ஆடியது.

"மேசை கிடக்கட்டும், கதிரையை மற்றப் பக்கம் போடுங்கோ!" என்றார் செயலாளர்.

கதிரை மற்றப் பக்கம் போனது. தட்டுகள் மேசையிலேயே இருந்தன. வலது இடதானதை அந்த அறையில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மணிக்கூட்டில். சுவர் மணிக்கூடு நாற்பத்தாறு என்றது, தலைவரின் ஃபோன் நாற்பத்தெட்டு என்றது, அவர் மனைவி இரண்டையும் நம்பாமல் வானொலியைத் திறந்து வைத்திருந்தா. "இப்ப! இப்ப!" என்று அவ கத்தினதும் அய்யே வலப்பக்கத் தட்டில் கைவிட்டு மேலே இருந்ததை எடுத்து நீட்டினார்.

எனக்குத் தெரிந்தது. அது என் தமிழ். 'தொடர்ந்து நடத்தப்படும்' என்ற சொற்களை வாசலிலிருந்தே வாசித்தேன்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டியதும் என் கடமைதான். ஆனால் என் வாயில் சடங்குக்குச் செய்த பாற்சோறு இருந்தது. விளக்கு ஏற்ற முன்னமே ஒரு துண்டு களவாக எடுத்திருந்தேன். வாயில் உணவை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்களோடு கதைக்கக்கூடாது என்று என்னை வளர்த்திருக்கிறார்கள். மென்றேன். மிக மெதுவாக மென்றேன். பேனை தாளில் ஓடும் சத்தம் கேட்டது; அந்த நிமிஷத்துக்கு வேறு இசை தேவைப்படவில்லை. மூன்று தாளிலும் கையொப்பம் வைத்துவிட்டு, மூன்றாவதில்தான், சிங்களத் தாளில்தான், தலைவர் வாசித்தார்.

"அய்யே, இது மரம் இல்லையே?"

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கிழித்துப் போடலாம் சேர், வேறொன்று அடிக்க இரண்டு நிமிஷம்" என்றார்.

"கிழிக்கவா?" தலைவரின் மனைவி வெற்றிலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தா. "சுபநேரத்தில் வைத்த முதல் கையொப்பத்தை? இதைக் கிழித்தால் இந்தக் கதிரையையே கிழித்த மாதிரி. தகரத்துக்குள் இருந்து வந்த பதவி, மறுபடி தகரத்துக்குள் போகவா?"

தலைவர் தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பன்னிரண்டு கார்களையும் ஒருமுறை மனதுக்குள் பார்த்திருப்பார். பிறகு தொண்டையைச் செருமினார். "என் முதல் கையொப்பம் கூரையில்லாத தாய்மாருக்காக என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன்" என்றார். கைதட்டினோம். நான்தான் பலமாக. அய்யே மட்டும் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இத்தோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் கையொப்பம் வைத்ததைத் திறந்துவைக்க வேண்டுமே. பல வருஷமாகத் திறந்தே இருந்த விடுதிக்குத் திறப்புவிழா வைத்தார்கள். குளிக்கும் இடத்துக்குக் குறுக்கே ரிப்பன். வருகிறவர்களின் சப்பாத்து நனையாமல் இருக்க விடியற்காலையே தண்ணீரை நிற்பாட்டினார்கள். குளிக்கும் வசதியைத் திறந்துவைத்த நாளில் இருபத்திரண்டு பேரும் குளிக்கவில்லை. அக்கா அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கத்தரிக்கோலோடு தலைவர், பின்னால் வாளியோடு அக்கா. எங்கள் தொடர்மாடியில் பத்திரிகையை விளம்பரம் வரை வாசிப்பது ரீச்சர் ஒருத்திதான். எட்டரைக்கு நான் மூன்றாம் மாடிப் படியில் நின்றேன். கதவு கொஞ்சம் திறந்தது. ரீச்சர் பத்திரிகையைப் பார்த்தா, அக்காவைப் பார்த்தா. கொண்டையைப் பார்க்கவில்லை.

"வாளியைக் கொஞ்சம் தள்ளி வைச்சிருக்கலாம், முகம் மறைஞ்சு போச்சு," என்றா. பிறகு, "சபையே ரிப்பன் வெட்டித் திறந்த தண்ணி. இனி நான் பார்க்கத் தேவையில்லை. உள்ளுக்கு வாரும்." கதவு முழுசாகத் திறந்தது.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம், விடுதிப் பெயர்ப்பலகையின் தமிழைச் சரிபார்க்க நான் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில். புறக்கோட்டையில் இறங்கி மாறும்போது அவ எனக்கும் சேர்த்து இடம் பிடித்தா. விடுதி வாசலில், ஆறு மணிக்கு முன்னமே, நீளமான வரிசை.

"இவ்வளவு பேரா அக்கா?"

"பேப்பரில போட்டதுக்குப் பிறகு கொம்பனித்தெருவில இருந்தும் ஆக்கள் வருகினம். நேற்று மட்டும் அஞ்சு பேர் புதுசு. நான் சொல்லியிருக்கிறன், விடிய நான்தான் முதல் எண்டு. ஒருத்தரும் கேக்கிற மாதிரி இல்லை."

"அப்ப இதுதான் உங்கட வீடு," என்றேன். முதன்முதலாக அந்தச் சொல்லை நாங்கள் இருவரும் நேரே பார்த்தோம்.

"ஓம் மிஸ். உள்ளுக்குக் கூப்பிட்டிருப்பன், ஆனா வந்தா நீங்களும் வரிசையில நிக்க வேணும்."

கதவு திறந்தது. வரிசை நகர்ந்தது. அக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இரண்டு அடி போய்த் திரும்பினா.

"நாளைக்கு அரை மணித்தியாலம் பிந்தும் மிஸ். கீரையை நீங்களே ஆய்ஞ்சு வைங்கோ. தண்டை எறிஞ்சு போடாதேங்கோ, அதுதான் ருசி."